ரெட் டாட்டா, பீப் சைட்டா? ரைபிள் பழக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் எங்கள் கிளப்பின் 10 மீட்டர் ரேஞ்சில், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சம்பளம் கிடையாது, டீ உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கரும் ஸ்வப்னில் குசாலேவும் பதக்கம் வாங்கியதிலிருந்து கூட்டம் கூடிவிட்டது. வருகிறவர்களில் பாதிப் பேர் நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்து, "சார், இதுக்கு ரெட் டாட் மாட்டலாமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தாயிற்று. இப்போது எழுதி வைத்துவிட்டேன். சைட் என்றால் குறி பார்க்கத் துப்பாக்கியின்மேல் இருக்கும் சாமான். அதில் சிவப்புப் புள்ளி காட்டுவது ரெட் டாட், ஓட்டை வழியாகப் பார்ப்பது பீப் சைட்.

ரெட் டாட் என்பது லேசர்தானே? சினிமாவில் வில்லன் நெற்றியில் விழுமே, அந்தப் புள்ளி?

அது வேறு, இது வேறு. லேசர் துப்பாக்கியிலிருந்து கிளம்பிப் போய் எதிரே இருக்கும் சுவரிலோ சட்டையிலோ விழும். எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ரெட் டாட் சைட்டிலிருந்து எதுவும் வெளியே போய் விழுவதில்லை. உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. இருக்கிறது. அதன் வெளிச்சம் முன்னால் இருக்கும் வளைந்த கண்ணாடியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது. கண்ணாடியின் பூச்சு சிவப்பைத் திருப்பிவிடும், மற்ற நிறங்களை உள்ளே விடும். அதனால்தான் அதன் வழியாகப் பார்த்தால் எல்லாமே லேசாக நீலம் பூத்த மாதிரி தெரிகிறது. விளக்கைக் கண்ணாடியின் குவியத்தில் வைத்திருப்பதால் திரும்பும் கதிர்கள் இணையாக வருகின்றன. ஆகவே புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகத் தோன்றாது. வெகு தூரத்தில், இலக்கோடு சேர்ந்து மிதப்பதாகத் தோன்றும்.

யோசனை புதிதல்ல. டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் என்ற தொலைநோக்கித் தயாரிப்பாளர் 1900-இலேயே இந்தப் பிரதிபலிப்பு சைட்டை வடிவமைத்துவிட்டார். (அவருடைய பட்டறையில் செய்த பெரிய தொலைநோக்கி ஒன்று புனேயிலிருந்து நம் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. துப்பாக்கிக்காரர்களும் வானியல்காரர்களும் ஒரே கடையில் சாமான் வாங்கியவர்கள்தான்.) இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானங்களில் இந்த வகை சைட் சர்வ சாதாரணம். கையில் தூக்கும் துப்பாக்கிக்கு அடக்கமாக, பேட்டரியும் எல்.இ.டி.யும் வைத்து அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம், 1970-களின் நடுவில்.

அயர்ன் சைட், ஓப்பன் சைட், பீப் சைட் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறீர்கள். எல்லாம் ஒன்றா?

அயர்ன் சைட் என்பது குடும்பப் பெயர். லென்ஸ், பேட்டரி எதுவும் இல்லாமல் வெறும் உலோகத்தால் குறி பார்க்கும் எல்லாமே அந்தக் குடும்பம். அதில் அண்ணன் தம்பி இரண்டு பேர்.

ஓப்பன் சைட்டில் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முள். பள்ளத்தின் நடுவில் முள்ளை நிறுத்தி, முள்ளின் தலையில் இலக்கை வைக்க வேண்டும். ஏகே-47-இல் இருப்பது இது. பழைய போலீஸ் .303 ரைபிள்களில் பலவற்றிலும் இதுதான். கடையில் வாங்கும் சாதாரண ஸ்பிரிங் ஏர் ரைபிளிலும் இதுதான் வரும். நம் மாநிலப் போட்டிகளில் ஓப்பன் சைட் ஏர் ரைபிளுக்குத் தனிப் பிரிவே உண்டு.

பீப் சைட்டில் பின்னால் பள்ளத்துக்குப் பதில் ஒரு ஓட்டை. போட்டி ரைபிளில் அந்த ஓட்டையைச் சுருக்கி விரிக்க ஐரிஸ் இருக்கும். மேலே கீழே, இடம் வலம் நகர்த்த கிளிக் இருக்கும். அந்த முழுச் சாமானுக்கு டயாப்டர் என்று பெயர். முன்னால் ஒரு குழாய், அதற்குள் ஒரு வளையம். பேச்சில் இதை ரிங் என்போம். வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம் வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

"அயர்ன் சைட்டைவிட ரெட் டாட் உசத்தி" என்று சொல்கிற வீடியோக்களில் முக்கால்வாசி, ஓப்பன் சைட்டை வைத்து ஒப்பிடுகிறவை. பீப் சைட் அந்தச் சண்டையிலேயே இல்லை. இதைக் கவனிக்காமல் வருகிறவர்களோடுதான் எனக்குச் சனிக்கிழமை முழுக்க வாக்குவாதம்.

ரெட் டாட்டில் முதல் நாளே சுலபமாக இருக்கிறதே, ஏன்?

கண்ணின் வேலை குறைகிறது. ஓப்பன் சைட்டில் பின்பள்ளம், முன்முள், இலக்கு என்று மூன்று வெவ்வேறு தூரத்தில் மூன்று பொருள். மனுஷக் கண்ணால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். முன்முள்ளைத் தெளிவாகப் பார், மற்ற இரண்டும் மங்கலாகட்டும் என்று சொல்லிக்கொடுப்போம். கேட்டுக்கொள்வார்கள். ஆனால் கண் இலக்குக்கு ஓடும். அதை இழுத்துப் பிடிக்கவே ஒரு மாதம் ஆகும்.

ரெட் டாட்டில் புள்ளியும் இலக்கும் கண்ணுக்கு ஒரே தூரம். இரண்டு கண்ணையும் திறந்து வைத்து இலக்கைப் பார்த்தாலே போதும், புள்ளி அதன்மேல் வந்து நிற்கும். வேகமாகச் சுட வேண்டிய இடத்தில், நகரும் இலக்கில், மங்கிய வெளிச்சத்தில் இதற்கு ஈடில்லை. இதில் எனக்குக் கருத்து வேறுபாடே கிடையாது. 1990-இல் அமெரிக்க வீரர் டக் கோனிக், ஓடியாடி வேகமாகச் சுடும் ஐ.பி.எஸ்.சி. உலகப் போட்டியைக் கைத்துப்பாக்கியில் ரெட் டாட் மாட்டித்தான் ஜெயித்தார். அதற்கப்புறம் அந்த விளையாட்டின் ஓப்பன் பிரிவில் (ஓப்பன் சைட் அல்ல, ரெட் டாட் மாட்ட அனுமதி உள்ள பிரிவு) திரும்பிப் பார்க்க ஆளில்லை.

அவ்வளவு நல்லதென்றால் ஒலிம்பிக் ரைபிளில் ஏன் இல்லை?

முதல் காரணம், விதி. சர்வதேசச் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். 10 மீட்டர், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் டெலஸ்கோப்பையும் எலெக்ட்ரானிக் சைட்டையும் அனுமதிப்பதில்லை. பனியில் ஸ்கீ ஓட்டிக்கொண்டே வந்து சுடுகிற பயத்லான் வீரர்களும், நெஞ்சு படபடக்க மூச்சு வாங்கிக்கொண்டே, பீப் சைட்டில்தான் 50 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கை அடிக்கிறார்கள். படுத்துச் சுடும்போது அந்த இலக்கின் விட்டம் 45 மி.மீ. மட்டுமே.

"விதி இல்லையென்றால் எல்லோரும் ரெட் டாட்டுக்கு மாறியிருப்பார்கள்" என்று போன மாதம் ஓர் அப்பா அடித்துச் சொன்னார். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இங்கேயும் போடுகிறேன்.

ரெட் டாட்டின் புள்ளியை எம்.ஓ.ஏ. என்ற அளவில் சொல்வார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அது. 100 மீட்டரில் 1 எம்.ஓ.ஏ. ஏறத்தாழ 29 மி.மீ. கடையில் கிடைக்கும் நல்ல ரெட் டாட்டில் புள்ளி 2 எம்.ஓ.ஏ. இருக்கும். அதாவது 100 மீட்டரில் 58 மி.மீ., 50 மீட்டரில் 29 மி.மீ., 10 மீட்டரில் 5.8 மி.மீ.

இப்போது 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கைப் பாருங்கள். கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான பொட்டு வெறும் 0.5 மி.மீ., கூர்மையான பென்சில் முனையால் ஒரு பொட்டு வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. ஒன்பதாம் வளையம் 5.5 மி.மீ. ஆக, உங்கள் சிவப்புப் புள்ளி ஒன்பதாம் வளையத்தையே முழுங்கிவிடுகிறது. 50 மீட்டரிலும் இதே கதை: பத்து 10.4 மி.மீ., ஒன்பது 26.4 மி.மீ., புள்ளி 29 மி.மீ.

அவர் விடவில்லை. "ரிங்கும்தான் பத்தைவிடப் பெரிசா இருக்கு, அது மட்டும் எப்படி?" என்றார். நல்ல கேள்வி. நேர்மையான பதில்: பத்தை மறைப்பது பிரச்சினையே இல்லை, பீப் சைட்டிலும் பத்து கண்ணுக்குத் தெரியாது. எதைப் பார்த்து நடு என்று முடிவு செய்கிறோம் என்பதில்தான் விஷயம். வட்டத் தட்டில் அதைவிடக் கொஞ்சம் சின்ன ஊத்தப்பத்தை வைத்தால், சுற்றிலும் தெரிகிற விளிம்பு ஒரு பக்கம் நூலளவு மெலிந்தாலும் சட்டென்று தெரிந்துவிடும். அதே தட்டின் நடுவில் ஒரே ஒரு சொட்டு மாவை விட்டு, "சரியா நடுவில் இருக்கா?" என்று கேட்டால் திணறுவோம். ரிங் முதல் வகை. கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு சமமாக இருக்கிறதா என்று மட்டும் கண் பார்த்தால் போதும். ரெட் டாட் இரண்டாம் வகை. அதிலும் அந்தச் சொட்டின் ஓரம் கொஞ்சம் கசிந்திருக்கும்.

ரெட் டாட்டில் பாரலாக்ஸே கிடையாது என்று பெட்டியில் போட்டிருக்கிறதே?

போட்டிருப்பார்கள். கண் ஒதுங்கினால் குறியும் ஒதுங்குவதுதான் பாரலாக்ஸ். அது இல்லை என்பது நூறு மீட்டரில் கிட்டத்தட்ட உண்மை, பத்து மீட்டரில் இல்லை.

கதிர்கள் இணையாக வருகின்றன என்று சொன்னேன் அல்லவா? அப்படியென்றால் உங்கள் கண் கண்ணாடியின் நடுவிலிருந்து 5 மி.மீ. ஒதுங்கினால், குறி பார்க்கும் கோடும் அப்படியே 5 மி.மீ. ஒதுங்கும். நூறு மீட்டரில் சுடும்போது 5 மி.மீ. யாருக்குக் கவலை? ஆனால் 10 மீட்டர் இலக்கில் அடுத்தடுத்த வளையங்களுக்கு நடுவே இருக்கும் தூரமே 2.5 மி.மீ.தான். கன்னத்தை ஸ்டாக்கில் (தோளில் முட்டும் கட்டையில்) கொஞ்சம் மாற்றி வைத்ததற்கே இரண்டு வளையம் போய்விட்டது. புள்ளி இலக்கின்மேலேதான் இருக்கிறது, நீங்கள் தப்பு செய்ததாகச் சைட் சொல்லவே இல்லை. பீப் சைட்டில் தலை நகர்ந்தால் பின் ஓட்டைக்குள் முன் குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கி நிலாப்பிறை மாதிரி இருட்டு விழும். கண் அதைப் பார்த்ததும் தலை தானாகத் திருந்தும்.

தப்பைக் காட்டிக்கொடுக்கிற சைட்டில்தான் பழக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

புள்ளி ஆடிக்கொண்டே இருக்கிறது. என் கை அவ்வளவு மோசமா?

எல்லோர் கையும் ஆடும். இளவேனில் வாலறிவன் கையும் ஆடும். (கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர், 10 மீட்டர் ஏர் ரைபிளில் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கும் போனவர்.) அவருக்கு ஆட்டத்தின் வட்டம் சின்னது, நமக்குப் பெரியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெட் டாட் அந்த ஆட்டத்தை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. கறுப்பின்மேல் பளிச்சென்று ஒரு சிவப்பு, ஈ மாதிரி அங்கும் இங்கும் அலைகிறது. பார்க்கிறவருக்குப் பொறுக்காது. புள்ளி நடுவைக் கடக்கும் அந்த நொடியைப் பிடித்துவிடலாம் என்று டிரிகரை வெடுக்கென்று இழுப்பார். பிடிக்க முடியாது. மூளை சொல்லி விரல் கேட்பதற்குள் புள்ளி தாண்டிவிடும், இழுத்த இழுப்பில் ரைபிளும் நகரும்.

கல்லூரிப் பையன் ஒருவன், பெயர் வேண்டாம், தன் ரைபிளில் ரெட் டாட் மாட்டிக்கொண்டு வந்தான். பத்து பெல்லட் (ஏர் ரைபிளின் சின்ன குண்டு) சுட்டான். குண்டுகள் வலது கீழே ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. "சைட் ஜீரோ ஆகல சார்" என்று, குறி சைட்டோடு பொருந்தவில்லை என நினைத்துத் திருப்புளியை எடுத்தான். திருப்புளியை வாங்கி வைத்துக்கொண்டு, ரைபிளில் பெல்லட் போடுவதா வேண்டாமா என்று நானே முடிவு செய்து, அவனுக்குத் தெரியாமல் லோடு பண்ணிக் கொடுத்தேன். மூன்றாவது முறை பெல்லட் இல்லை. காற்று மட்டும் புஸ்ஸென்றது. ரைபிளின் மூக்கு வலது கீழே குத்தியதை அவனே பார்த்தான். "ஓ" என்றான். அப்புறம் திருப்புளியைக் கேட்கவே இல்லை.

பீப் சைட்டிலும் இதே வியாதி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரிங்கைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் ஆட்டம் கண்ணை உறுத்தாது. கறுப்பு வட்டம் வெள்ளைக்குள் சோம்பலாக மிதக்கும், விரல் நிதானமாக அழுத்தும். இந்த வசதி ரெட் டாட்டில் இல்லை. வெளிச்சத்தைக் குறைத்து வைக்கலாம், அது மட்டுமே வழி.

சரி, பீப் சைட்டை எப்படிச் செட் செய்வது?

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அவசரப்படாமல் படியுங்கள்.

முதலில் தலை. கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தை ஸ்டாக்கில் சாயுங்கள். கழுத்தில் எந்த இறுக்கமும் கூடாது. கண்ணைத் திறந்தால் பின் ஓட்டை நேரே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டாக்கின் கன்னப்பட்டையையும் சைட்டின் உயரத்தையும் மாற்றுங்கள். கழுத்தை மாற்றாதீர்கள். சைட்டுக்கும் கண்ணுக்கும் நடுவே மூன்று நான்கு விரல் இடம் இருக்கட்டும். அந்த இடைவெளி ஒவ்வொரு சுடலுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அப்புறம் ரிங். 10 மீட்டருக்குப் புதியவர்களுக்கு நான் 4 மி.மீ.யை ஒட்டி ஆரம்பிப்பேன். கறுப்பைச் சுற்றித் தாராளமாக வெள்ளை தெரிய வேண்டும். "ரிங் இறுக்கமா இருந்தா துல்லியமா வரும்ல?" என்று கேட்பார்கள். வராது. விளிம்பு மெல்லியதாக இருந்தால் கறுப்பும் ரிங்கும் ஒன்றோடொன்று ஒட்டித் துடிக்க ஆரம்பிக்கும், கண் எது எதென்று தடுமாறும். பெரிய வீரர்களே வருஷம் போகப் போகப் பெரிய ரிங்குக்கு மாறுவதைப் பார்க்கலாம்.

கடைசியாக ஐரிஸ். ஓட்டையைச் சுருக்கினால் முன் ரிங்கும் இலக்கும் இரண்டும் ஒருசேரக் கூர்மையாகும். கேமராவில் துளையைச் சுருக்கினால் முன்னும் பின்னும் தெளிவாவது போல. ஆனால் ரொம்பச் சுருக்கினால் இருட்டிவிடும், ஓரங்கள் மழுங்கும். 1 மி.மீ.யைச் சுற்றி எங்கேயோ உங்கள் கண்ணுக்கான இடம் இருக்கிறது. வெளிச்சம் மங்கினால் கொஞ்சம் திறக்க வேண்டியிருக்கும்.

பார்வை முன் ரிங்கில் இருக்கட்டும். குறி பார்க்க ஆரம்பித்து எட்டு பத்து நொடிக்குள் சுட முடியவில்லையா, ரைபிளை இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கண் பார்ப்பது இலக்கை அல்ல, இலக்கின் ஞாபகத்தை. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் இறக்குவதில்லை.

ஒரு கண்ணை மூட வேண்டுமா?

வேண்டாம். ஒரு கண்ணை இறுக்கி மூடினால் மற்றதும் சேர்ந்து சுருங்கும், முகமெல்லாம் இறுகும். பீப் சைட்டில் சுடாத கண்ணுக்கு முன்னால் 30 மி.மீ.க்கு மிகாத ஒரு பட்டை வைத்துக்கொள்ளலாம், விதி அனுமதிக்கிறது. வெள்ளையாக, வெளிச்சம் ஊடுருவுகிற பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. தயிர் டப்பா மூடியை வெட்டி ஒட்டியவர்களை எனக்குத் தெரியும். அருமையாக வேலை செய்கிறது. ரெட் டாட்டில் இரண்டு கண்ணும் திறந்தே இருக்கலாம், அதுதான் அதன் அழகே.

எனக்கு 48 வயது. முன் ரிங் மங்கலாகத் தெரிகிறது. ரெட் டாட்தான் வழியா?

நாற்பத்தைந்தைத் தாண்டினால் கைக்கெட்டும் தூரம் மங்குவது இயற்கை. ஓப்பன் சைட் சுடுகிறவர் என்றால், ஆமாம், ரெட் டாட் உங்களுக்குப் பெரிய ஆறுதல். பீப் சைட் என்றால் அவசரமில்லை. அந்தச் சின்ன ஓட்டையே பாதி மூக்குக்கண்ணாடி. ஐரிஸை ஒரு சுற்றுச் சுருக்கிப் பாருங்கள், பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் கண் டாக்டரிடம் போய், "ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே தெளிவாகத் தெரிய வேண்டும்" என்று அளவு சொல்லிக் கண்ணாடி வாங்குங்கள். சுடுவதற்கென்றே இருக்கும் ஃபிரேமில் கண்ணுக்கு நேரே ஒற்றை லென்ஸ் மாட்டிக்கொள்ளலாம். பைஃபோகல் போட்டுக்கொண்டு வராதீர்கள். தலை சாயும் கோணத்துக்கு அது ஒத்துவராது.

கடையில் ரெட் டாட் பார்த்தேன். புள்ளி வட்டமாக இல்லை, வால் முளைத்த மாதிரி இருந்தது. டூப்ளிகேட்டா?

அநேகமாக உங்கள் கண். அஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவு ஒரே சீராக இல்லாத பார்வைக்குறை) இருந்தால் புள்ளி கமா மாதிரியோ, சிதறிய நட்சத்திரம் மாதிரியோ, இரட்டையாகவோ தெரியும். சோதிக்க எளிய வழி: மொபைல் கேமராவை சைட்டுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் குறை சைட்டில் இல்லை. இன்னொன்று, ஒரு அட்டையில் ஊசியால் ஓட்டை போட்டு அதன் வழியாகப் புள்ளியைப் பாருங்கள். சட்டென்று வட்டமாகிவிடும். ஓட்டை வழியாகப் பார்த்தால்தான் ரெட் டாட்டே ஒழுங்காகத் தெரிகிறது என்கிற வேடிக்கையைச் சொல்லிச் சிரித்துக்கொள்வேன்.

ராணுவங்கள் எல்லாம் ரெட் டாட்டுக்குத்தானே மாறிவிட்டன?

பல மாறிவிட்டன, சரியான காரணத்துக்காக. அமெரிக்க ராணுவம் 1990-களின் இறுதியில் எய்ம்பாயின்டை எடுத்து எம்68 என்று பெயர் வைத்தது. அவர்களுக்கு 0.5 மி.மீ. வேண்டாம். இருட்டில், ஓடிக்கொண்டு, ஒரு நொடிக்குள் ஆளின் மார்பளவு இலக்கு கிடைத்தால் போதும். பேட்டரியும் இப்போது பெரிய கவலை இல்லை. நல்ல சைட்கள் சில 50,000 மணி நேரம் எரியும் என்கிறார்கள், அணைக்காமல் விட்டாலும் ஐந்து வருஷத்துக்கு மேல். ஆனாலும் பலர் மடித்து வைக்கும் அயர்ன் சைட் ஒன்றைக் கூடவே மாட்டியிருப்பார்கள்.

என் ஸ்பிரிங் ஏர் ரைபிளில் மலிவு ரெட் டாட் ஒன்று மாட்டலாமா?

நான் மாட்டினேன். இணையத்தில் வாங்கிய, பெயர் தெரியாத சாமான். இருநூறு பெல்லட் கூடத் தாண்டவில்லை. முதலில் புள்ளி மினுக்கியது, அப்புறம் மேல் ஓரத்துக்கு நகர்ந்து அங்கேயே குடியேறியது, அப்புறம் காணாமல் போனது.

காரணம் ஸ்பிரிங். சுட்டதும் பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் உதைக்கும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது ரைபிள் முன்னால் உதைக்கும். சைட்கள் சாதாரணமாகப் பின்னுதைக்குத்தான் தயார் செய்யப்பட்டிருக்கும், இந்த முன்னுதை அவற்றைக் கொன்றுவிடும். மாட்டியே ஆக வேண்டும் என்றால் ஸ்பிரிங் ரைபிளுக்கு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், மவுன்ட் பின்னால் நழுவாமல் இருக்க ஸ்டாப் பின் போடுங்கள். அழுத்தக் காற்றுச் சிலிண்டரில் ஓடும் பி.சி.பி. ரைபிளில் இந்தத் தொல்லை இல்லை.

லைசென்ஸ்?

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் சக்தியும் கொண்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். 10 மீட்டர் போட்டி ரைபிள் அந்த வரம்புக்கு வெகு கீழே நிற்கும். தோட்டா போட்டுச் சுடும் .22 ரைபிளுக்குக் கட்டாயம் வேண்டும். எந்த சைட் மாட்டினாலும் காக்கை குருவி பக்கம் திருப்பாதீர்கள்.

டிராப் (பறக்கும் தட்டைச் சுடும் போட்டி) சுடுகிறவர்கள் எதைப் பார்த்துக் குறி வைக்கிறார்கள்?

குறியே வைப்பதில்லை. புதுக்கோட்டை டிராப் வீரர் பிருத்விராஜ் தொண்டைமான் சுடுவது ஷாட்கன், ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகளைத் தூவும் துப்பாக்கி. பேரல் நுனியில் பாசிமணி மாதிரி ஒரு சின்ன உருண்டை இருக்கும், அதையும் உற்றுப் பார்க்கக் கூடாது. பறக்கும் தட்டைத்தான் பார்க்க வேண்டும். ரைபிள்காரர்கள் போய் அதை முயன்றால் பாவமாக இருக்கும்.

அப்போ ரெட் டாட் வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. தகர டப்பா, தொங்கும் இரும்புத் தட்டு, இருபது இருபத்தைந்து மீட்டரில் வேகமாக மாற்றி மாற்றிச் சுடும் விளையாட்டு, இதற்கெல்லாம் ரெட் டாட்தான். வீட்டில் வயதானவர் ஒருவர் பொழுதுபோக்காகச் சுட ஆசைப்பட்டாலும் அதுதான். போட்டிக்குப் போகிற எண்ணம் உங்கள் பிள்ளைக்கு இருந்தால், அந்தக் காசில் நல்ல ஐரிஸும் நாலைந்து அளவில் ரிங்கும் வாங்குங்கள். அதற்கும் முன்னால், கிளப் ரைபிளிலேயே மூன்று மாதம் சுடட்டும்.

அந்தக் கல்லூரிப் பையன் இப்போதும் வருகிறான். ரெட் டாட்டைக் கழற்றி பைக்குள் போட்டு வைத்திருக்கிறான். பயிற்சி முடிந்ததும் அதை மாட்டி, கடைசி ஐந்து பெல்லட்டை டப்பா மூடிகள்மேல் சுட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ஐந்தில் நாலு விழுகிறது. நானும் ஒரு முறை வாங்கிச் சுட்டேன்; எனக்கு மூன்று.